புலி என்றால் எது? பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு சொல்லால் நடந்தது

பந்தலூர் வட்டத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்த ஜூன் மாதத்தில் நடந்தவற்றின் பதிவு இது. தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட எல்லோரும் பேசி முடிவு செய்தோம். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர். விலங்கு நடமாட்டத்தைத் தெரிவிக்கும் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்ளும் நாலு பேரில் ஒருவன். தவறான செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பியது நான்தான். காட்டை ஒட்டி, பல மொழிக்காரர்கள் கலந்து வாழும் மற்ற ஊர்களுக்கும் இதே சிக்கல் வரலாம் என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

பின்னணி

கூடலூரும் பந்தலூரும் நீலகிரி மாவட்டம்தான் என்றாலும் ஊட்டி, குன்னூர் மாதிரி கிடையாது. மேற்கே வயநாடு, தெற்கே நிலம்பூர், வடக்கே முதுமலையைத் தாண்டினால் கர்நாடகம். எங்கள் தோட்டத்தில் மூன்று லைன்கள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகள். மேல் லைனில் இருப்பவர்கள் பெரும்பாலும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். நடு லைனில் வயநாடு, மலப்புறம் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பு வந்தவர்கள். அவர்கள் லைனைப் 'பாடி' என்பார்கள். கீழ் லைனில் சில வருடங்களாக ஜார்க்கண்டிலிருந்து வந்து கொழுந்து எடுப்பவர்கள். தோட்டத்து எல்லையில், வயலுக்கு அந்தப் பக்கம் பணியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பு.

இத்தனை பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது தமிழில்தான். ஜார்க்கண்ட்காரர்கள்கூட ஒரு வருடத்தில் ஓரளவுக்குப் பேசப் பழகிவிடுகிறார்கள். குழப்பத்துக்குக் காரணமே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். புரியாத சொல் காதில் விழுந்திருந்தால் யாராவது திரும்பக் கேட்டிருப்பார்கள். காதில் விழுந்தது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

எங்கள் பக்கத்து மக்களின் பயத்தையும் சொல்ல வேண்டும். 2021-இல் டி 23 என்று எண்ணிடப்பட்ட புலியைக் கூடலூர், மசினகுடிப் பகுதியில் மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 15-ஆம் தேதி அது உயிரோடு பிடிபடும்வரை இந்தப் பக்கம் பலர் வேலைக்கே போகவில்லை. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பகுதியில் சிறுத்தை தாக்கி மூன்று வயதுக் குழந்தை இறந்தது. அதை இங்கே யாரும் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. குழுவில் ஒரு செய்தி வந்தால் ஏழெட்டு நிமிடத்தில் தோட்டம் முழுக்கப் போய்விடும் என்ற அளவுக்கு எல்லோரும் விழிப்பாக இருந்தார்கள்.

முதல் நாள் மாலை

நடு லைனைச் சேர்ந்த ஒரு சேச்சி, இலை நிறுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது தண்ணீர் டேங்க் வளைவில் ஒரு விலங்கைப் பார்த்தார். மணி ஆறே முக்கால் இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது, வெளிச்சம் குறைவு. பத்துப் பதினைந்து அடி தூரத்தில் அது சாலையைக் கடந்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் உண்ணிச்செடிப் புதருக்குள் போனது. அவர் நேரே டீக்கடைக்கு வந்து "புலி" என்று சொன்னார். வேறு எதையும் விவரிக்கவில்லை. யாரும் விவரம் கேட்கவும் இல்லை.

டீக்கடையில் இருந்த ஒரு தம்பி குழுவில் குரல் பதிவு போட்டான்: "டேங்க் வளைவுல புலி. சேச்சி நேர்ல பாத்திருக்காங்க. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க." நான் அதைக் கேட்டு, எழுத்தில் இப்படி மாற்றி அனுப்பினேன்: "எச்சரிக்கை. டேங்க் வளைவில் புலி நடமாட்டம். மேல் காட்டுப் பக்கமும் வயல் பக்கமும் மாடுகளை விட வேண்டாம். தனியாக நடக்க வேண்டாம்." வனத்துறைக்குப் போன் செய்தபோதும் புலி என்றே சொன்னேன்.

சேச்சியின் வீடு என் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நான் போய்க் கேட்கவில்லை. அவரிடம் போனும் இருந்தது. அதிலும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அன்று இரவே யாரோ வரிப்புலி ஒன்று சாலையில் நிற்கும் படத்தைக் குழுவில் போட்டார்கள். அது எங்கே, எப்போது எடுத்த படம் என்று தெரியாது. ஒன்பது மணிக்கெல்லாம் அந்தப் படமே டேங்க் வளைவில் எடுத்தது என்று ஆகிவிட்டது.

இரண்டாம், மூன்றாம் நாள்

காலை மஸ்டரில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், பெண்கள் மேல் காட்டுக்குப் போக மறுத்தார்கள். (தேயிலை நிற்கும் பகுதிகளைத்தான் தோட்டத்தில் காடு என்போம்.) நியாயமான மறுப்பு. தோட்ட நிர்வாகம் அன்றைக்குக் கொழுந்து எடுப்பதைச் சோலையை ஒட்டிய காடுகளிலிருந்து லைனுக்குப் பக்கத்தில் உள்ள காட்டுக்கு மாற்றியது. மாடு வைத்திருப்பவர்கள் மாட்டைத் தொழுவத்திலேயே கட்டினார்கள். வனத்துறை ஆட்கள் வந்து வயலின் சேற்றிலும் மேல் காட்டு ஓடையிலும் தடம் தேடினார்கள். ராத்திரி மழையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

செய்தியில் சொன்ன விலங்குக்கு இவையெல்லாம் சரியான ஏற்பாடுகள். எங்கள் அனுபவத்தில் புலி பெரும்பாலும் மாட்டைத்தான் அடிக்கும்; வயலோரம், சோலையோரம் நடக்கும்; அடித்த இடத்துக்குத் திரும்ப வரும். அதனால் எல்லோருடைய கண்ணும் காட்டுப் பக்கமே இருந்தது. லைனைப் பாதுகாப்பான இடமாக நினைத்தோம். நாய்களை வழக்கம்போல் திண்ணையில் கட்டினார்கள், காவலுக்கு ஆகும் என்று. வேலை லைன் பக்கம் மாறியதால் பிள்ளைகள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் அம்மாக்களைத் தேடி லைனுக்கும் எடைக்கொட்டகைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் இருந்த கோழிக்கடைக் கழிவுக் குழியைச் சுற்றி எப்போதும் நாய்கள் நிற்கும். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.

இரண்டாம் நாள் இரவு கீழ் லைனில் ஒரு நாய் காணாமல் போனது. கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது. ஓடிப்போயிருக்கும் என்றார்கள். அதே லைனில் இருக்கும் ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவர் மறுநாள் மேஸ்திரியிடம் "சீத்தா, சீத்தா" என்று சொல்லி, தன் முன்கையில் விரலால் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டியிருக்கிறார். மேஸ்திரிக்கு அந்தச் சொல் தெரியும். டிவியில் கேட்டிருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்த விலங்கு என்று தெரியும். "அது மத்தியப் பிரதேசத்துலப்பா இருக்கு, இங்க ஏது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே துல்லியமான வர்ணனை அதுதான்.

மூன்றாம் நாள் இரவு, நடு லைனில் கடைசி வீட்டுத் தகரக் கொட்டிலிலிருந்து ஒரு ஆடு போனது. கொட்டிலுக்கும் பிள்ளைகள் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

நான்காம் நாள்: கேட்கப்பட்ட ஒரு கேள்வி

காலையில் வனத்துறையிலிருந்து வனக்காப்பாளரும் இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வந்தார்கள். அந்தக் காவலர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துப் பணியர் குடியிருப்பைச் சேர்ந்தவர். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார். கொட்டிலுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் விழாத ஓர் இடத்தில் தடம் தெளிவாக இருந்தது. அவர் நான்கு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். அப்புறம் அளவுகோலும் வைத்தார்கள். எட்டு சென்டிமீட்டருக்குள் இருந்தது. வளர்ந்த புலியின் முன்னங்கால் தடம் பெரும்பாலும் 12 சென்டிமீட்டரைத் தாண்டும். கொட்டிலின் தகரத்தில் ஏறி இறங்கிய நகக்கீறலும் இருந்தது. ஆட்டின் மிச்சத்தைக் கொஞ்ச தூரத்தில் ஒரு பலா மரத்தின் கவட்டையில் பார்த்தோம்.

பார்த்தவரைக் கூப்பிடுங்கள் என்றார் அந்தக் காவலர். சேச்சி வந்தார். காவலர் மலையாளத்தில் கேட்டார்: "கடுவயோ புலியோ?"

சேச்சி யோசிக்கக்கூட இல்லை. "கடுவயல்ல, புலியா. ஞான் அன்னே பறஞ்ஞதல்லே."

அன்றே சொன்னேனே என்றார். உண்மைதான், அன்றே சொல்லிவிட்டார். மலையாளத்தில் வரிப்புலிக்குப் பெயர் கடுவா. புலி என்றால் புள்ளி போட்டது, நாம் சிறுத்தை என்று சொல்வது. அவர் சரியாகப் பார்த்து, சரியான பெயரையும் சொன்னார். டீக்கடைத் தம்பி கேட்டதை ஒரு எழுத்து மாற்றாமல் பதிவு செய்தான். நான் தமிழ்ப் பொருளில் எடுத்துக்கொண்டு எழுதினேன். மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. விலங்கு மட்டும் இடையில் மாறிவிட்டது.

அங்கே நின்றுகொண்டிருந்த மேல் லைன் அம்மாச்சி ஒருவர், எண்பதை நெருங்குபவர், அப்போது சொன்னார்: "சார், சிலோன்ல நாங்க புலின்னா இந்தப் புள்ளிக்காரனத்தான் சொல்லுவோம். கோடு போட்டத நான் இங்க வந்துதான் படத்துல பாத்தேன்." முதல் நாள் குழுச் செய்தியை அவருடைய பேரன் படித்துக் காட்டியபோது அவர் புரிந்துகொண்டது சிறுத்தையைத்தான். அவர் வீட்டு நாயை மட்டும் மூன்று இரவும் உள்ளே கட்டியிருந்தார்கள்.

சொல்லின் வழித்தடம்

அன்று முதல் நான் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் தவறு கவனக்குறைவு மட்டும் அல்ல என்பதும், அது திரும்ப நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு என்பதும் இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது.

புலி தென்னாட்டின் பொதுச்சொல். தமிழில் புலி, தெலுங்கில் புலி, கன்னடத்தில் ஹுலி, துளுவில் பிலி. இந்த நான்கிலும் தனியாகச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது வரிப்புலி. மங்களூர்ப் பக்கம் தசராவுக்கு ஆடும் பிலி வேஷத்தில் உடம்பு முழுக்க மஞ்சளும் கறுப்பும் பூசுவார்கள். மலையாளத்தில் அதே சொல் புள்ளிக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் பழைய பொதுப்பொருள் முழுக்கப் போய்விடவில்லை. திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாள் நடக்கும் புலிக்களியில் வரி போட்டவர்களும் வருவார்கள், புள்ளி வைத்தவர்களும் வருவார்கள். இரண்டு பேருக்கும் பெயர் புலிதான். தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றால் மலையாளிகள் 'புள்ளிப்புலி' என்பார்கள்.

தமிழிலும் புலி ஓர் இனப்பெயர் போலத்தான் வேலை செய்திருக்கிறது. சிறுத்தைப்புலி, கழுதைப்புலி, சிவிங்கிப்புலி என்று அடைமொழி சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக்கொண்டோம். இதில் கழுதைப்புலி பூனை இனமே கிடையாது. நம் அகராதிகளில் கடுவாய் என்ற சொல்லுக்குக் கழுதைப்புலி என்ற பொருளும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அதே ஒலியுள்ள கடுவா வரிப்புலி. சிறுத்தை என்ற பெயருக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உறவு உண்டு. அங்கே சிருத, சிரதெ. பேச்சில் மலையாளிகளிடம் அந்தச் சொல் புழங்குவதில்லை. அதனால் எங்கள் நடு லைனில் 'சிறுத்தை' என்று எழுதியிருந்தாலும் வயதானவர்கள் ஒரு நொடி தயங்கித்தான் புரிந்துகொள்வார்கள்.

இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது. பெரும்பூனை என்றால் அங்கே சிறுத்தை ஒன்றுதான். சிங்களத்தில் கொட்டியா, திவியா என்று இரண்டு சொல் உண்டு. இலங்கைச் சிறுத்தையின் அறிவியல் பெயரில் 'கொட்டியா' இருக்கிறது. அதே சொல் இன்று வரிப்புலிக்கும் வழங்குகிறது. அம்மாச்சியின் பேச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. பெயர் மனிதர்களோடு கப்பலேறிப் போகும், விலங்கு போகாது. போன இடத்தில் எது வீட்டு நாயைத் தூக்குகிறதோ அதன்மேல் பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது நம் ஊரோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் அங்கிருந்த சிறுத்தையைத் தங்கள் மொழியில் புலிக்கு உரிய சொல்லாலேயே அழைத்தார்கள். ஸ்பானியர்கள் தென்னமெரிக்காவுக்குப் போய் ஜாகுவாரை 'டீக்ரே' என்றார்கள். பல நாடுகளில் கிராமத்து மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். லெப்பர்ட் என்ற பெயரே ஒரு பழைய தவறான நம்பிக்கையில் பிறந்தது. சிங்கத்துக்கும் 'பார்ட்' என்ற விலங்குக்கும் பிறந்த கலப்பு என்று கிரேக்கரும் ரோமரும் நினைத்து, இரண்டு பெயரையும் ஒட்டவைத்தார்கள்.

மேஸ்திரி தள்ளிவிட்ட சீத்தாவின் கதை இன்னும் சுற்றுவழி. சமஸ்கிருதத்தில் 'சித்ரக' என்றால் புள்ளியோ கோலமோ உள்ளது. அதிலிருந்து இந்தியில் சீத்தா வந்தது. ஆங்கிலேயர் அதை எடுத்து ஒரு குறிப்பிட்ட விலங்குக்கு உலகம் முழுக்கப் பெயராக்கினார்கள். ஆனால் இந்தி பேசும் சாதாரண மக்கள் பலர் இன்றும் சிறுத்தையையும் சீத்தா என்கிறார்கள். அவர்கள் பார்க்கிற புள்ளி விலங்கு அதுதான். அசல் சீத்தா இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு சீத்தாக்கள் மத்தியப் பிரதேசத்தில் உள்ள குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தபோது தமிழ்ச் செய்திகளில் சிலர் சிவிங்கிப்புலி என்ற பழைய பெயரை எடுத்தார்கள், சிலர் சிறுத்தை என்றே எழுதினார்கள். என் வகுப்பிலேயே ஒரு பையன் கேட்டான், நம்ம ஊர்ல இருக்கிறதை எதுக்கு சார் விமானத்துல கொண்டு வர்றாங்க என்று. அன்று அவனுக்குப் பாடம் நடத்திய நான், ஜார்க்கண்ட் தம்பி சொன்ன செய்தி மேஸ்திரி வழியாக என் காதுக்கு வந்தபோது அதை யோசித்துப் பார்க்கவில்லை. இது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்காம் நாள் மாலை எடைக்கொட்டகையில் கூடினோம். மூன்று லைன் ஆட்கள், பணியர் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர், மேஸ்திரி, அந்த வேட்டைத் தடுப்புக் காவலர்.

முதல் வேலை அன்றைய ராத்திரிக்கானது. நாய்கள் வீட்டுக்குள். ஆட்டுக்கொட்டில்களுக்குப் பலகைக் கதவு. ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே தனியாக வேண்டாம். கோழிக்கடைக் கழிவை அன்றே மண் போட்டு மூடி, இனி தினமும் வண்டியில் அனுப்புவது. கழிவுக்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது. இதைக் காவலர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எரியாமல் இருந்த இரண்டு கம்ப விளக்குகளை மறுநாளே சரிசெய்தார்கள். கொழுந்து எடுப்பவர்களை மேல் காட்டுக்கு, கூட்டமாக, வெயில் ஏறிய பிறகு அனுப்பலாம் என்றும் முடிவானது.

சொல்லைப் பற்றிய பேச்சுத்தான் நீண்டது. இனி எல்லோரும் புள்ளி உள்ளதைச் சிறுத்தை என்றும் வரி உள்ளதைப் புலி என்றும்தான் சொல்ல வேண்டும் என்று விதி போடலாம் என்றேன். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அப்படித்தான் தோன்றும். சேச்சி மறுத்தார். "சாரே, அது என் முன்னால வந்து நிக்கும்போது என் வாயில புலின்னுதான் வரும். யோசிச்சு மாத்திச் சொல்ல நேரம் இருக்குமா?" அம்மாச்சியும் அதையே சொன்னார். அவர்கள் சொன்னது எனக்குச் சரி என்று பட்டது. பயத்தில் வரும் சொல் தாய்மொழிச் சொல்லாகத்தான் இருக்கும். அதைத் திருத்துவதைவிட, கேட்பவர் திரும்பக் கேட்பது நடக்கக்கூடிய காரியம்.

எனவே விதி பார்ப்பவருக்கு இல்லை, கேட்பவருக்கு. புலி, கடுவா, சிறுத்தை, சீத்தா, எது காதில் விழுந்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "வரியா, புள்ளியா?" மூன்று மொழியிலும் அதைச் சொல்லிப் பழகினோம். இது போதாது என்று காவலர் உடனே சொன்னார். இருட்டில் வரியும் தெரியாது புள்ளியும் தெரியாது. கருஞ்சிறுத்தை என்றால் பகலிலும் தெரியாது, நீலகிரியில் அது அபூர்வமும் இல்லை. அதனால் இன்னும் இரண்டு சேர்த்தோம். எவ்வளவு பெரியது: நாயைவிடக் கொஞ்சம் பெரிசா, கன்றுக்குட்டியைவிடப் பெரிசா? போனது எப்படி: மரத்திலோ கூரையிலோ ஏறியதா, தரையிலேயே போனதா?

குழுவில் செய்தி போடுபவர் பார்த்தவரிடம் நேரில் அல்லது போனில் பேசிய பிறகே எழுத வேண்டும். பேச முடியாவிட்டால் 'பெரும்பூனை, எது என்று உறுதியாகவில்லை' என்று எழுதி, நாய், ஆடு, மாடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எச்சரிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் எடுக்காத படம் எதுவும் குழுவில் நிற்கக் கூடாது. குரல் பதிவு தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் போக வேண்டும். இந்திக்கு, முன்கையில் புள்ளி வைத்துக் காட்டிய அந்த இளைஞரையே கேட்டோம். ஒப்புக்கொண்டார்.

பிறகு நடந்தவை

ஐந்தாம் நாள் வனத்துறை இரண்டு தானியங்கிக் கேமராக்களைக் கட்டியது. ஏழாம் நாள் அதிகாலைப் படத்தில் ஒரு சிறுத்தை, கோழிக்கடைக் குழி இருந்த இடத்தில் நின்று மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. புலியானாலும் சிறுத்தையானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் பிடிக்க முடியாது. புலி என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நடைமுறைகளும் சேரும். கூண்டு வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கொஞ்ச நாள் கேமராவில் பார்க்கலாம் என்று பேசி முடிவானது. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு அது படத்தில் வரவில்லை. ஆட்டுக்கும் நாய்க்கும் மேல் சேதமும் இல்லை.

இழப்பீடு மட்டும் இழுத்தது. ஆட்டுக்காரம்மா மலையாளத்தில் புலி என்று சொல்ல, மனு எழுதிக்கொடுத்தவர் தமிழில் புலி என்று எழுத, அதோடு வைத்த ஆங்கிலக் கடிதத்தில் அது 'டைகர்' ஆகிவிட்டது. கால்நடை மருத்துவரின் அறிக்கையில் சிறுத்தை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பி வந்தது. திருத்தி, நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் வைத்துத் திரும்பக் கொடுத்தோம். பணம் வர நாலு மாதம் ஆனது. அந்த அம்மாவுக்கு அந்த ஆடுதான் பள்ளிக்கட்டணம்.

ஆகஸ்ட் கடைசியில் புது முறைக்குச் சோதனை வந்தது. பணியர் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் போன் செய்து "புலி" என்றான். வரியா புள்ளியா என்றேன். "வரி. எங்க பசுவவிடப் பெரிசா தெரிஞ்சுது. வயல்ல நடந்து போச்சு, அவசரமே இல்லாம." அவனுடைய அப்பாவிடமும் பேசிவிட்டு, பன்னிரண்டு நிமிடம் கழித்துச் செய்தி போட்டேன். முன்பெல்லாம் நாலு நிமிடத்தில் போட்டிருப்பேன். அன்று வயலை ஒட்டிய இரண்டு காடுகளில் வேலையை நிறுத்தினார்கள், மாடுகளைக் கட்டினார்கள். வயல் சேற்றில் தடம் பதினான்கு சென்டிமீட்டர் இருந்தது. இரண்டு நாளில் அது முதுமலைப் பக்கம் திரும்பிப் போனதாகக் காவலர்கள் தடம் பார்த்துச் சொன்னார்கள்.

மாற்ற வேண்டியவை

அந்தப் பன்னிரண்டு நிமிடம் என்னை உறுத்துகிறது. நேரில் பேசிவிட்டு எழுதுவது சரிதான். ஆனால் அவசரமான இரவில் அது நீளம். இனி முதல் நிமிடத்திலேயே 'பெரும்பூனை, விவரம் வருகிறது' என்று போட்டுவிட்டு, அப்புறம் பேசலாம் என்று மாற்றியிருக்கிறோம்.

குழுவில் கீழ் லைன்காரர்கள் அப்போது இரண்டே பேர்தான் இருந்தார்கள். புதிதாக வந்தவர்கள், போய்விடுவார்கள் என்று நினைத்துச் சேர்க்கவில்லை. நாயை முதலில் இழந்ததும், விலங்கைச் சரியாகச் சொன்னதும் அவர்கள்தான். இப்போது வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்.

இந்தச் சிக்கல் புலியோடு முடியாது. காட்டெருமை, காட்டுமாடு, காட்டுப்போத்து என்று லைனுக்கு ஒரு பெயர் சொன்னாலும் எல்லாம் ஒரே விலங்கைத்தான் குறிக்கின்றன. அதில் ஆபத்து இல்லை. எனக்குக் கவலை நரியைப் பற்றி. நமக்கு அது கோழி பிடிக்கும் சின்ன விலங்கு. குடகு மொழியில் நரி என்றால் வரிப்புலி. புலியைக் கொன்றவனுக்கு அங்கே முன்பு நடத்திய சடங்கின் பெயரே 'நரி மங்கலம்'. வடமலபாரிலும் வயநாட்டுப் பக்கத்திலும் பழைய ஆட்கள் பேச்சில் நரி புலியைக் குறிக்கும். குறுநரி என்று 'குறு' சேர்த்தால்தான் நம் நரி. நடு லைனில் அப்படிப் பேசும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் ஒரு இரவில் "நரி" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் சாதாரணமாக டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அதனால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். பத்து விலங்குகளின் படம். வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் காட்டி, அவர்கள் வாயில் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதி வர வேண்டும், திருத்தக் கூடாது. வந்த பெயர்களைப் படத்தோடு சேர்த்துப் பெரிய தாளில் எழுதி எடைக்கொட்டகையில் ஒட்டினோம். புள்ளிச் சிறுத்தையின் படத்துக்குக் கீழே புலி என்று இரண்டு தடவை இருக்கிறது, நடு லைனிலிருந்து ஒன்று, மேல் லைனிலிருந்து ஒன்று. அதற்குப் பக்கத்தில் சீத்தா. வரிப்புலிக்குக் கீழே புலி, கடுவா, நரி. கருஞ்சிறுத்தைக்குப் படம் கிடைக்காமல் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு பிள்ளை கறுப்புப் பேனாவால் முழுக்கத் தீட்டி, இரண்டு கண் மட்டும் விட்டு வரைந்து வைத்திருக்கிறாள். தாள் ஈரத்தில் ஊறிவிட்டது. மழை விட்டதும் லேமினேட் செய்து மூன்று லைனிலும் ஒட்ட வேண்டும்.